மந்திரியிடம் சல்லடையைப் பற்றிப் பேசியது

எங்கள் பழைய துறையில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் போன மாதம் போன் செய்தாள். மந்திரிகளிடமும் செயலாளர்களிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். பெரிய ஓட்டலில், குளிர்சாதன அறையில், மத்தியானச் சாப்பாட்டோடு. "உங்க காலத்துல இதெல்லாம் ஏது மேடம்?" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ஏது என்றா கேட்கிறாய், விருதுநகர் வத்தல் பேட்டையில் தும்மிக்கொண்டே படித்தோமடி அம்மா என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் ரசாயனம் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒன்று டீச்சராகு, இல்லையென்றால் கல்யாணம் பண்ணிக்கொள் என்று வீட்டில் நெருக்கினார்கள். இரண்டும் வேண்டாமென்று, ஐம்பதுகளின் கடைசியில், விருதுநகரில் இருந்த ஒரு சின்ன அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சிவகாசி, விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளிலிருந்து மருந்து வரும். பட்டாசுக்குள் போகும் வெடிக்கலவைக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர். அதில் ஒரு சிட்டிகை எடுத்து இரும்பு மேடையில் வைத்து, மேலிருந்து ஓர் எடையை விழவிடுவோம். எந்த உயரத்திலிருந்து விழுந்தால் வெடிக்கிறது என்று பார்ப்போம். முதலில் ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போடும். பிறகு வெடிக்காவிட்டால்தான் என்னவோ மாதிரி இருந்தது.

எங்களுக்கு மேலதிகாரி நெல்லையப்பன் சார். திருநெல்வேலிப் பக்கம். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒல்லியான உடம்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. கோபம் வந்தால் கத்த மாட்டார், மரியாதை கூடிவிடும். "சரோஜா" என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "சரோஜா அம்மா அவர்களே" என்றால் தொலைந்தேன். அதிகாரி என்றால் எனக்குச் சாதாரணமாகவே ஆகாது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி எழுதும்போது என் கை தானாகவே கொஞ்சம் பணிந்துதான் போகிறது.

என்னோடு வேலை பார்த்தவர் தங்கராஜ். கெட்டிக்காரர். விஸ்வநத்தத்தில் ஒரு சின்ன ஆலையில் மருந்து கலக்கும் அறை பற்றிக்கொண்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. அங்கே கிடந்த துகளை எடுத்துச் சோதித்ததில், குளோரேட் உப்பும் கந்தகமும் ஒன்றாகக் கலந்திருந்தது தெரிந்தது. அந்த இரண்டும் சேர்ந்தால் நெருப்பே வேண்டாம், லேசாக உரசினால் போதும். வெளியிலிருந்தே தண்ணீர் அடித்து அறையை நனைக்கும்வரை திறக்கவே கூடாது. இதைக் கலெக்டரிடம் சொல்லத் தங்கராஜ் போனார்.

போனவர் ஆக்சிஜனிலிருந்து ஆரம்பித்தார். மாதிரியை எப்படி எடுத்தோம், எப்படிக் காய வைத்தோம், எடையை எந்த உயரத்திலிருந்து போட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கல்லூரியில் அந்த வரிசையில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சோதனை முதலில், முடிவு கடைசியில். முடிவுக்கு வருவதற்குள் கலெக்டருக்குக் குடிநீர்ப் பிரச்சினை என்று ஆள் வந்துவிட்டது. "நல்லா ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க, ரொம்பச் சந்தோஷம்" என்று கை கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அறையைத் திறக்கக் கூடாது என்ற ஒரு வார்த்தை தங்கராஜின் வாயிலேயே நின்றுவிட்டது. ஆலைக்காரர் அறையைத் திறந்தார். தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போன காளியம்மாள் என்ற கூலிப் பெண்ணுக்கு வலது கை வெந்துபோனது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய்ப் பார்த்தேன். காளியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். படித்த பொம்பளை என்றால் அவளுக்கு டீச்சர்தான்.

"டீச்சர், அந்த ரூமுக்குள்ள என்ன கெடந்துச்சுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்ல? நெசமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னோமே."

"யார்ட்ட சொன்னீக?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், அவமானமாக இருந்தது.

நெல்லையப்பன் சார் தங்கராஜைத் திட்டவில்லை. மறுநாள் எங்கள் இருவரையும் வத்தல் பேட்டைக்குக் கூட்டிப் போனார். ரசாயனக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று நானும் தங்கராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூட்டை மூட்டையாக மிளகாய் வற்றல். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவருக்குத் தெரிந்த ஒரு புரோக்கர் வெளியூர் வியாபாரிகளுக்கு ஒவ்வொருவராக டிரங்க்கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "வத்தல் ஏறுது, இன்னிக்கே வாங்கிப் போடுங்க" என்பதுதான் முதல் பேச்சு. அந்தப் பக்கம் ஏன் என்று கேட்ட பிறகுதான் குண்டூர் பக்கத்து மழை, லாரி வராதது எல்லாம் வந்தன. ஏன் என்று கேட்காதவரிடம் மழைப் பேச்சே வரவில்லை, போனை வைத்துவிட்டார்.

"பாத்தீகளா? டிரங்க்கால் எப்ப அந்துபோகும்னு அவருக்குத் தெரியாது. அதனால எதைக் கேக்காமப் போனா நட்டமோ அதை மொதல்ல சொல்லுதாரு. கலெக்டர் ரூமும் டிரங்க்கால்தான்" என்றார் சார். தும்மலுக்கு நடுவே தங்கராஜ் தலையைத் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் கூடத்தில் ஒத்திகை நடந்தது. நல்ல கூத்துதான் போங்கள். நெல்லையப்பன் சார் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மந்திரியாக உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் பியூன் டீயைக் கொண்டுவந்து நீட்டுவார். சைக்கிள் மணியை அடிப்பார்; அது டெலிபோன். தங்கராஜ் மனுவோடு உள்ளே நுழைந்து, "ஐயா, எங்க ஊருக்கு ரோடு வேணும்" என்று காலில் விழுவார். சார் ஒரு வாரம் கோபக்கார மந்திரி, ஒரு வாரம் காது மந்தமான மந்திரி. ஒரு சனிக்கிழமை தூங்குமூஞ்சி மந்திரியாக உட்கார்ந்தவர் நிஜமாகவே குறட்டை விட்டுவிட்டார். எழுப்பலாமா கூடாதா என்று எங்களுக்கு ஒரே குழப்பம்.

முதல் வாக்கியத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வந்தாக வேண்டும். அடுத்ததில், செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும். ரசாயனம், கேட்டால் மட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூச்சிலேயே தெரிந்ததையும் சொல்லிவிட வேண்டும். இதில் எது தவறினாலும் வெளியே போய்த் திரும்ப வரச் சொல்வார். ஒருநாள் எங்களைத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காலை முழுவதும் சும்மா உட்கார வைத்தார். தாசில்தாரைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்கே தலை சுற்றியது.

"அவரைத் திட்டிக்கிட்டே இருக்கோம்லா? முடிவெடுக்குதவனும் மனுசன்தான். அம்புட்டு பேரும் அவன்கிட்டத்தான் வாரான். நாமளும் போயி அவன் தலையில பாரத்தை ஏத்தக் கூடாது. எறக்கி வைக்கணும்" என்றார் சார். அதுவரை அதிகாரிகளைப் பற்றி எனக்கு இருந்த இளக்காரம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

பிறகு, அறுபதுகளில் ஒரு வருஷம், சிவகாசிப் பக்கம் ஓர் ஆலையில் பெரிய விபத்து. உயிர்கள் போயின. நாங்கள் போய்ச் சாம்பலிலும் பக்கத்துக் கொட்டகைகளிலும் தேடினோம். காரணம் ஒரு சல்லடை. தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும். நல்ல சல்லடைகள் குறைவு. ஒரு கொட்டகைக்காரர் பக்கத்துக் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிவிடுவார். காலையில் கந்தகம் சலித்த சல்லடை மத்தியானம் குளோரேட் சலிக்கப் போகும். தட்டி உதறினால் சுத்தம் என்று எல்லோரும் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத கந்தகம் கம்பிக் கண்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரவல் கொடுப்பது அங்கே அக்கம்பக்கத்து நல்ல குணம்; கொடுக்க மாட்டேன் என்றால் பொல்லாப்பு.

பத்திரிகைகள் கொதித்தன. சின்ன ஆலைகளின் மருந்து கலக்கும் கொட்டகைகளையெல்லாம் மறு உத்தரவு வரும்வரை மூடிவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நல்லதுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்போது காளியம்மாள் பஸ் ஏறி எங்கள் கூடத்துக்கே வந்து நின்றாள்.

"மூடுனா நல்லதுன்னு நெனைப்பீக டீச்சர். கம்பெனியத்தான மூடுவாக? ஆர்டர் நிக்குமா? மருந்து எங்க வீட்டுக்கு வந்துரும். முன்னால ஒரு தடவ மூடுனப்ப அப்பிடித்தான வந்துச்சு. அடுப்புக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு பழைய சேலையக் கட்டித் தொங்க விட்டுருந்தோம். இப்ப எனக்குக் கைப்புள்ள இருக்கு."

"வேண்டாம்னு சொல்லிரு காளியம்மா."

"சொல்லிட்டு எதைத் திங்க?"

அவளோடு விஸ்வநத்தத்துக்குப் போனேன். ஒரே அறை வீடு. அடுப்பு ஒரு மூலை, தொட்டில் ஒரு மூலை. மருந்துத் தட்டுகளை எங்கே வைப்பார்கள் என்று அவள் கையால் காட்டிய இடம் தொட்டிலுக்கு நேர் கீழே. தெருவில் அடுத்தடுத்து எல்லாம் அதே அளவு வீடுகள்தான்.

கூடத்துக்கு வந்து சாரிடம் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை மந்திரி விருதுநகர் பயணியர் விடுதிக்கு வருகிறார், அங்கேயே முடிவெடுக்கப் போகிறார் என்று தகவல் வந்திருந்தது. "நீங்கதான் பேசணும். தங்கராஜுக்கும் எனக்கும் ரசாயனம் தெரியும். உங்களுக்குக் காளியம்மா வீடும் தெரியும்" என்றார்.

ஒத்திகை பார்த்தோம். எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது, ஒன்றைத் தவிர. "நீங்க சொல்லுத மாதிரி செஞ்சா இனிமே வெடிக்காதுன்னு எழுதித் தருவீகளா?" என்று துண்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார் சார்.

"பெரும்பாலும் வெடிக்காது" என்றேன்.

"பெரும்பாலும்னா எத்தனை பேரு சாவான்?"

"சரி, வெடிக்காது."

"பொய்."

"தெரியாதுங்கய்யா."

"தெரியாதா? அப்ப மூடிருதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். "எனக்கும் பதில் தெரியல சரோஜா. அதை அவரு கேக்காம இருக்கணும்" என்றார். எங்களை இத்தனை நாள் ஆட்டிவைத்த மனிதர் தனக்குத் தெரியவில்லை என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு அவர் மேல் வந்த மதிப்பு இன்றுவரை இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஆடிமாதம் வேறு. விடுதி வாசலில் ஆலை முதலாளிகள், கட்சிக்காரர்கள், போலீஸ் என்று ஏகக் கூட்டம். நான் காகிதத்தில் சுற்றிய ஒரு சல்லடையோடு நின்றேன். மந்திரி பெரிய உடம்பு, மெல்லிய குரல். "சீக்கிரம் சொல்லும்மா, வீட்டுக்காரம்மா வண்டியில உக்காந்திருக்காங்க, இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும்" என்றார். பக்கத்தில் கலெக்டர், முன்பு இருந்தவரல்ல, புதியவர். நெல்லையப்பன் சார் சுவரோரமாக நின்றார்.

"ஐயா, கொட்டகைகளை மூட வேண்டாம். ஒரு கொட்டகைச் சல்லடை இன்னொரு கொட்டகைக்குப் போகக் கூடாது, குளோரேட்டும் கந்தகமும் ஒரே கொட்டகைக்குள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு போடுங்க. மூடினா, மருந்து தொழிலாளி வீட்டு அடுப்பங்கரைக்குப் போயிரும்."

"சல்லடையில என்னம்மா இருக்கு?"

கந்தகம் சலித்து, தட்டி உதறியிருந்த சல்லடையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். சும்மா பார்த்தால் சுத்தம். வெளிச்சத்தில் ஓரமெல்லாம் மஞ்சள். மந்திரி எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கி, அதன் வழியாகவே என்னைப் பார்த்தார்.

"அடுப்பங்கரைக்குப் போகும்னு எப்படிச் சொல்றீங்க? அதுவும் ஆராய்ச்சியா?"

"இல்லங்கய்யா. போய்ப் பாத்தேன். தொட்டிலுக்குக் கீழ வைப்பாங்க."

அவர் முகம் மாறியது. கட்சிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையைக் காட்டி வெளியே அனுப்பினார். அப்பாடா, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது கேட்டார்:

"சரி. நீங்க சொல்றபடியே செஞ்சிடறேன். இனிமே வெடிக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

தொட்டில் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் போதும், காளியம்மாள் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

"முடியாதுங்கய்யா" என்றேன். "வேற எதனாலயும் வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாது. சல்லடை மாறினா வெடிக்கும்னு தெரியும். அதை எழுதித் தர்றேன்."

கலெக்டர் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். மந்திரிக்கு அது பிடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பினார். "நீங்கதான மேலதிகாரி? இந்தப் பொண்ணு பயப்படுது. நீங்க சொல்லுங்க. வெடிக்காதுல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அந்த வருஷம் சாருக்குச் சென்னையில் பெரிய பதவி வர இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அவர் இரண்டடி முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். "ஐயா, வெடிக்காதுன்னு நான் இப்பச் சொன்னா, அடுத்த தடவ நான் சொல்லுத எதையும் நீங்க நம்பக் கூடாது. அவங்க சொன்னதுதான் என் பதிலும்" என்றார். குரல் நடுங்கியது. கூட்டம் என்றால் அவருக்குப் பயம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடேயப்பா, என்ன மனிதர்!

மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். "பாக்கலாம்" என்று வண்டிக்குப் போய்விட்டார். சாருக்குச் சென்னைப் பதவி வரவில்லை. ஆனால் உத்தரவு வந்தது, நாங்கள் சொன்னபடி. கொட்டகைகளை மூடவில்லை. சல்லடை ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கொட்டகையின் நிறத்தில் வண்ணம் பூசினோம். இரவல் கேட்டால் ஆலைக்காரர்கள் அரசாங்க உத்தரவு என்று கையை விரித்தார்கள். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. காளியம்மாள் கொட்டகை வேலைக்குப் போனாள்; வீட்டில் அடுப்பும் தொட்டிலும் மட்டும் இருந்தன.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு கொட்டகை வெடித்தது. ஓர் ஆள் செத்துப்போனார். நாங்கள் ஓடினோம். சல்லடைகள் நிறம் மாறாமல் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கத்து வேப்பமரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. இடி விழுந்திருக்கிறது. ஆனால் யார் கேட்கிறார்கள்? போன வருஷமே மூடியிருக்க வேண்டும் என்று மறுபடியும் கூச்சல். காளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூடிருவாகளா டீச்சர்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன்.

மறுநாள் கூடத்துக்குச் சென்னையிலிருந்து டிரங்க்கால். சார் எடுத்துக் கேட்டுவிட்டு, பேசாமல் என்னிடம் நீட்டினார்.

"என்னம்மா, வெடிச்சிருச்சே" என்றார் மந்திரி.

"ஆமாங்கய்யா."

"சல்லடையா?"

"இல்லங்கய்யா. இடி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

லைனில் இரைச்சல் ஏறியது. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"இங்க எல்லாரும் மூடுங்கிறாங்க. அன்னிக்கு நீங்க வெடிக்காதுன்னு எழுதிக் குடுத்திருந்தா, இன்னிக்கு நானே மூடியிருப்பேன். அன்னிக்கு முடியாதுன்னு சொன்னவங்க இன்னிக்கு இடின்னு சொல்றீங்க. அப்ப இடிதான். மூடல. இடிக்கு என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

நான் போனை இறுகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நெல்லையப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தாரா, கண்ணாடியைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

"கொட்டகைக்கெல்லாம் இடிதாங்கி வைக்கணுங்கய்யா" என்றேன்.